இரண்டு முத்திரைத் தராசுகள், மூன்று எடைகள்: எதையாவது உறுதியாக அறிய முடியுமா?

இடுகை 1 — படிக்கல்

அனைவருக்கும் வணக்கம். நான் மளிகைக் கடை வைத்திருப்பவன்; தத்துவம் படித்தவன் அல்லன். சென்ற வாரம் கடையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என்னை விட்டு அகலாமல் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் ஒருவர் 5 கிலோ துவரம் பருப்பு வாங்கிச் சென்றார். என் மின்னணுத் தராசு 5.000 காட்டியதை அவரும் பார்த்தார். மறுநாள் அதே பையைப் பிரிக்காமல் கொண்டுவந்து, அடுத்த தெரு அரிசிக் கடையில் அது 4.985 காட்டியதாகச் சொன்னார். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார், அதுதான் எனக்குக் கூடுதலாக உறைத்தது. இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். அவர்களுடைய தராசிலும் இந்த ஆண்டின் முத்திரை இருந்தது, என்னுடையதிலும் இருக்கிறது. வழக்கைத் தீர்க்கலாம் என்று மூன்றாவதாக ஒரு கடைக்குப் போனோம், அங்கே 5.005.

பருப்பில் 15 கிராம் ஒரு பொருட்டல்ல, அதைக் கொடுத்துவிட்டேன். ஆனால் இரவு கடையைச் சாத்தும்போது ஒரு கேள்வி எழுந்தது. எந்தத் தராசு சரி என்பதை எந்தத் தராசைக் கொண்டு அறிவது? அதைச் சோதித்த கல்லை எந்தக் கல் சோதித்தது? கடைசியில் யாராவது எதையாவது உறுதியாக அறிந்திருக்கிறார்களா, அல்லது எல்லாரும் மற்றவருடைய முத்திரையை நம்பிக்கொண்டிருக்கிறோமா?

இடுகை 2 — அளவுக்கூடம்

அளவியல் ஆய்வகத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில் முதலில் உங்கள் பருப்புப் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்கு விடை இருக்கிறது.

கடைகளில் உள்ள 30 கிலோ தராசுகள் பெரும்பாலும் 5 கிராம் படியில் காட்டுபவை. அத்தகைய தராசுக்கு 5 கிலோ நிறுக்கும்போது, முத்திரையிடும் வேளையில் 5 கிராம் வரையிலும், பயன்பாட்டில் இருக்கும் காலத்தில் அதன் இருமடங்கு வரையிலும் இருபக்கமும் பிழை அனுமதிக்கப்படுகிறது. உங்கள் பையின் மெய்யான எடை 4.995 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தராசு 5 கிராம் கூடுதலாகவும், அரிசிக் கடைத் தராசு 10 கிராம் குறைவாகவும், மூன்றாவது 10 கிராம் கூடுதலாகவும் காட்டியிருக்கின்றன. மூன்றும் சட்டத்துக்கு உட்பட்ட தராசுகளே, ஒருவரும் ஏமாற்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. மின்னணுத் தராசு உண்மையில் பொருண்மையை அளப்பதில்லை, பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசையை அளக்கிறது. அந்த இழுவை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. தில்லியில் சரிசெய்த தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்து அப்படியே வைத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 0.9 கிராம் குறைவாகக் காட்டும். பழைய இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தக் குறை இல்லை, ஏனெனில் இரு தட்டையும் ஒரே பூமிதான் இழுக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முத்திரை ஆய்வரிடம் இருப்பது பணிநிலைப் படிக்கல். அது இரண்டாம் நிலைக் கல்லோடும், அது மேற்கோள் நிலைக் கல்லோடும், அது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள 57ஆம் எண் உருளையோடும் ஒப்பிடப்பட்டவை. அந்த உருளை பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் காக்கப்படும் மூல உருளையின் படி, அதாவது நகல். மூல உருளை 90 விழுக்காடு பிளாட்டினமும் 10 விழுக்காடு இரிடியமும் கலந்தது. உயரம் 39 மில்லிமீட்டர், விட்டமும் அதே அளவு. 1889 முதல் 2019 வரை உலகில் ஒரு கிலோகிராம் என்றால் அந்த உருளையின் பொருண்மை என்றே பொருள். உங்கள் கேள்விச் சங்கிலி அந்தப் பெட்டகத்தின் கதவில் போய் முட்டி நின்றது, அதைத் திறக்க மூன்று தனித்தனிச் சாவிகள் வேண்டும்.

இடுகை 3 — மறுப்பவன்

அளவுக்கூடம் அவர்கள் சங்கிலி முட்டி நின்றது என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். முட்டி நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பதையும் அவரே சொல்லியிருக்கலாம்.

1988 முதல் 1992 வரை மூல உருளையை அதன் படிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நூறாண்டுகளில் படிகள் மூலத்தைவிடச் சராசரியாக 50 மைக்ரோகிராம் அளவுக்குக் கனத்துவிட்டதாகத் தெரிந்தது. அல்லது மூலம் இலேசாகிவிட்டது. இரண்டில் எது என்று சொல்ல எவராலும் முடியவில்லை. முடியவும் முடியாது, ஏனெனில் வரையறையின்படி அந்த உருளை எந்நேரமும் சரியாக ஒரு கிலோகிராம்தான். நாளை அதன் ஒரு மூலையை அரத்தால் உரசிவிட்டால் உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருள்களும் கனத்துவிட்டன என்றுதான் முறைப்படி எழுத வேண்டியிருந்திருக்கும். மீட்டர்க் கோலைப் பற்றி மட்டும் அது ஒரு மீட்டர் நீளம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் குறிப்பிட்டார். அளக்கும் கோலை அளக்க இயலாது.

இதைத்தான் பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ச்சுனர் பிரமாணங்களை, அதாவது அறிவதற்கான வழிகளை, பற்றிக் கேட்டார். பொருள்களைப் பிரமாணத்தால் அறிகிறோம் என்றால் பிரமாணத்தை எதனால் அறிகிறோம்? இன்னொரு பிரமாணத்தால் என்றால் அந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை. பிரமாணம் தன்னைத் தானே நிறுவும் என்றால், மற்றவற்றுக்கு மட்டும் சான்று கேட்பானேன்? எனவே படிக்கல் அவர்களின் ஐயம் நியாயமானது: உறுதி என்று நாம் சொல்வது எங்கோ ஓரிடத்தில் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டோம் என்பதற்கான மரியாதையான பெயர்.

இடுகை 4 — இப்பிவெள்ளி

நாகார்ச்சுனரைக் கொண்டுவந்ததற்கு மறுப்பவனுக்கு நன்றி, ஏனெனில் அவருக்குக் கொடுக்கப்பட்ட விடையும் ஒரு தராசுதான்.

நியாயம் என்ற தருக்க மரபின் மூல நூலான நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இதே எதிர்ப்பு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தராசு பொன்னை நிறுக்கும்போது பிரமாணம். அதே தராசின் மீது ஐயம் வந்து, எடை தெரிந்த பொன்னை வைத்து அதைச் சோதிக்கும்போது பொன் பிரமாணமாகிறது, தராசு பிரமேயமாகிறது, அதாவது அறியப்படும் பொருளாகிறது. எந்தப் பொருளும் பிறவியிலேயே அளவுகோலாகப் பிறப்பதில்லை. எந்த வேளையில் எந்த வேலையைச் செய்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பெயரைப் பெறுகிறது. ஆகவே ஒவ்வொரு அளவைக்கும் மேலே இன்னொரு அளவை என்று ஏணி போட்டுக்கொண்டே போக வேண்டியதில்லை. ஐயம் எழும் இடத்தில் மட்டும் சோதிக்கிறோம். எழாத இடத்தில் பயன்படுத்துகிறோம்.

தமிழில் இதற்கு இன்னும் அழகான வாய்ப்பு இருக்கிறது. பிரமாணத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயரே அளவை. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கும் 27ஆம் காதையில் முதலில் பேசுபவர் அளவைவாதி. வேதவியாசர் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் அளவைகளின் எண்ணிக்கையைக் கூறியதாக அவர் தொடங்குகிறார். அறிவதற்கான வழிகள் எத்தனை என்பதிலேயே ஆசிரியர்களுக்குள் உடன்பாடு இல்லை என்பதை ஒளிக்காமல் முதல் வாயிலேயே சொல்லிவிடுகிறார். பௌத்தத் தருக்கத்தைச் சொல்லும் 29ஆம் காதையிலோ காட்சியும் கருத்தும் (நேரில் காண்பதும் உய்த்துணர்வதும்) ஆகிய இரண்டே எஞ்சுகின்றன.

நான் முக்கியமாகக் கருதுவது அளவைவாதி அடுக்கும் பிழைகளின் பட்டியலை. இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல், அதாவது மாறாகக் கொள்ளுதல்; என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான். தறியோ மகனோ (நட்ட கம்பமோ மனிதனோ) என்று முடிவு செய்யாமல் தடுமாறுவது ஐயம். அதே தறியை ஆராயாமல் மகன்தான் என்று முடிவு கட்டிவிடுவது தேராது தெளிதல். அதாவது உறுதியின்மை மட்டுமன்று, சோதிக்காத உறுதியும் அறிவின் குற்றங்களில் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே பலரும் உறுதி என்ற சொல்லை மனத்தின் நிலையாகப் பேசுகிறோம். ஒருவன் எவ்வளவு உறுதியாக உணர்கிறான் என்பதும் அவன் அறிந்திருக்கிறானா என்பதும் இரு வேறு கேள்விகள்.

இடுகை 5 — வட்டத்துக்குள் சதுரம்

பருப்பையும் பிளாட்டினத்தையும் விட்டுவிடுங்கள். அவை உலகத்துப் பொருள்கள், உலகத்துப் பொருள் தேயத்தான் செய்யும். கணிதத்தில் உறுதி உண்டு. நிறுவப்பட்ட தேற்றம் நிறுவப்பட்டதுதான்.

இடுகை 6 — மறுப்பவன்

எந்த வரைபடத்தையும் நான்கு நிறங்களால், அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி தீட்டலாம் என்ற தேற்றத்தை 1879இல் கெம்ப் நிறுவினார். கணித அறிஞர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1890இல் ஹீவுட் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். நடுவில் இருந்த 11 ஆண்டுகளில் அந்த நிறுவலைப் படித்து உறுதியடைந்தவர்களின் மனநிலைக்கும், உண்மையான நிறுவலைப் படித்து உறுதியடைபவர்களின் மனநிலைக்கும் உள்ளிருந்து பார்த்தால் என்ன வேறுபாடு? தேற்றம் உறுதியாக இருக்கலாம். அதைச் சரிபார்த்த மனிதர் உறுதியாக இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இடுகை 7 — வட்டத்துக்குள் சதுரம்

நல்ல எடுத்துக்காட்டு, ஒப்புக்கொள்கிறேன். நான் தேற்றத்தின் உறுதியையும் என் உறுதியையும் ஒன்றாகக் கலந்துவிட்டேன்.

ஆனால் கதையின் மீதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1976இல் அப்பெலும் ஹேக்கனும் அதே தேற்றத்தைக் கணினியின் துணையோடு நிறுவினார்கள். கையால் சரிபார்க்க முடியாத நிறுவல் நிறுவலா என்று பலர் முகம் சுளித்தார்கள். 2005இல் கோந்தியே அந்த நிறுவல் முழுவதையும், ஒவ்வொரு படியையும் இயந்திரமே சோதிக்கும் வடிவில் எழுதி முடித்தார். இப்போது நாம் நம்ப வேண்டியது சோதிக்கும் மென்பொருளின் சிறிய மையப் பகுதியை மட்டும். நம்பிக்கை ஒழிந்துவிடவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். ஆனால் அது நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து, பல பேர் பல கோணங்களில் சோதித்துவிட்ட ஒரு சிறு நிரலுக்குச் சுருங்கியிருக்கிறது. 1879இல் இருந்த நிலையும் இன்றைய நிலையும் ஒன்று என்று சொல்வது நேர்மையாகாது.

(செவ்ர் உருளை வார்க்கப்பட்டதும் 1879தான். அந்த ஆண்டுக்கு ஏதோ தோஷம் இருந்திருக்க வேண்டும்.)

இடுகை 8 — அளவுக்கூடம்

மறுப்பவன் சொன்ன 50 மைக்ரோகிராம் கணக்கு சரியே. அதனால்தான் வரையறை மாற்றப்பட்டது என்பதையும் நான் சொல்ல வேண்டும், அதில்தான் இந்த விவாதத்துக்குத் தேவையான சரக்கு இருக்கிறது.

2018 நவம்பரில் பிரான்சின் வெர்சாயில் கூடிய, எடை அளவுகளுக்கான பன்னாட்டு மாநாட்டில் உறுப்பு நாடுகள் வாக்களித்து, 2019 மே 20 முதல் கிலோகிராமை அந்த உருளையிலிருந்து விடுவித்தன. இப்போது இயற்கையின் அடிப்படை எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல்-நொடி என்று பிழையின்றி நிலைநிறுத்தப்பட்டு, அதிலிருந்து கிலோகிராம் பெறப்படுகிறது. இந்த மாற்றத்தின் விளைவைக் கவனியுங்கள். 2019 மே 19 அன்று உருளையின் பொருண்மையில் ஐயத்துக்கு இடமே இல்லை. பிளாங்க் மாறிலி அளந்து அறிய வேண்டிய எண், அதில் சிறு ஐயம் இருந்தது. மறுநாள் காலை மாறிலியில் ஐயம் இல்லை. உருளையோ மற்ற உலோகத் துண்டுகளைப்போல அளந்து அறிய வேண்டிய பொருளாகிவிட்டது, 10 மைக்ரோகிராம் அளவுக்கு ஐயத்தோடு. உருளை அசையவில்லை, எவரும் அதைத் தொடவில்லை. உறுதி என்பது ஓரிடத்திலிருந்து எழுந்து வேறோரிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்பிவெள்ளி அவர்கள் எடுத்துக்காட்டிய தராசும் பொன்னும் இடம் மாறிக்கொள்ளும் நிகழ்ச்சி இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் படித்தபோது எனக்குச் சற்றுச் சிலிர்த்தது.

ஆனால் இது வெறும் பெயர் மாற்றம் அன்று. அந்த எண்ணை நிலைநிறுத்துவதற்கு முன் அதை இரண்டு வழிகளில் அளந்தார்கள். ஒன்று, மின்காந்த விசையை எடைக்கு எதிரே நிறுத்தும் கிப்பிள் தராசு. மற்றொன்று, சிலிக்கான்-28 கொண்டு ஏறத்தாழப் பிசிறில்லாமல் உருட்டிய ஒரு கோளத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது. இவ்விரண்டுக்கும் கருவியில், கணக்கில், பிழை வரும் வழியில் பொதுவானது மிகக் குறைவு. அப்படியிருந்தும் இரண்டும் கோடியில் சில பங்கு வேறுபாட்டுக்குள் ஒரே விடையைத் தந்தன. சங்கிலியின் கடைசிக் கண்ணி எதில் மாட்டியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். எங்கள் துறையில் நாங்கள் நம்பியிருப்பது தொங்கும் சங்கிலியை அன்று, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கூரைக் கைமரங்களை.

இடுகை 9 — மறுப்பவன்

இரண்டும் சேர்ந்தே பிழையாக இருக்கலாமே? சாய்ந்து நிற்கும் கைமரங்கள் சேர்ந்தே விழுவதும் உண்டு.

இடுகை 10 — திண்ணை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மறுப்பவனிடம் எனக்கு ஒரு கேள்வி. எதையும் உறுதியாக அறிய முடியாது என்பதை நீங்கள் உறுதியாக அறிந்திருக்கிறீர்களா?

இடுகை 11 — மறுப்பவன்

இந்தக் கேள்வி எல்லா விவாதத்திலும் ஒருமுறை வரும். நாகார்ச்சுனர் இதற்கும் விடை சொல்லிவிட்டார்: எனக்கென்று ஒரு கோட்பாடு இருந்தால்தான் அந்தக் குற்றம் என்னைச் சாரும், எனக்குக் கோட்பாடு இல்லை. நான் எதையும் நிறுவ வரவில்லை. உங்கள் நிறுவல் உங்கள் விதிகளின்படியே நிற்கவில்லை என்று காட்டுகிறேன், அவ்வளவே.

இடுகை 12 — இப்பிவெள்ளி

மறுப்பவனின் இடுகை 9க்கு விடை சொல்ல முயல்கிறேன். "இருக்கலாமே" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அறிவையும் தட்டிவிடலாம் என்றால், அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுத்தீர்கள்? நியாய மரபில் ஐயத்துக்கும் காரணம் வேண்டும். அந்தியில் தொலைவில் நிற்கும் தறியைக் கண்டு மகனோ என்று ஐயுறுவதற்கு, இரண்டுக்கும் பொதுவான உயரம் கண்ணில் பட்டதும் வேறுபடுத்தும் கைகால் கண்ணில் படாததும் காரணங்கள். நண்பகலில் கைக்கெட்டும் தொலைவில் நின்றுகொண்டு அதே ஐயத்தை எழுப்புபவர் ஐயுறவில்லை, ஐயுறுவதைப்போல் பேசுகிறார்.

இந்தப் போரின் மிகச் சிறந்த கட்டம் மூன்று நூற்றாண்டு காலத்துக்கு மேல் நடந்தது. முரண்பாடு (ஐயம் ஐயுறுபவரின் செய்கையோடே மோதுவது) வந்து தடுக்கும் எல்லை வரையில்தான் ஐயம் செல்லும் என்றார் நியாய ஆசிரியர் உதயணர். 12ஆம் நூற்றாண்டில் நியாயத்தை எதிர்த்த ஸ்ரீஹர்ஷர் அதே வாக்கியத்தைத் திருப்பிப் பிடித்தார்: முரண்பாடு இருக்கிறது என்றால் அங்கே ஐயமும் இருக்கிறது, முரண்பாடு இல்லை என்றால் ஐயத்தைத் தடுக்க ஒன்றுமில்லை, எனவே முரண்பாடு எப்படி ஐயத்துக்கு எல்லையாகும்? இதைவிடக் கூர்மையான அடியை நான் படித்ததில்லை. 14ஆம் நூற்றாண்டில் நியாய மரபின் கங்கேசர் கொடுத்த விடை சொல்லாட்டத்தை விட்டு வெளியே வந்து நின்றது. நெருப்பிலிருந்துதான் புகை வருகிறதா என்று ஐயுறுகிறேன் என்பவர் புகை வேண்டியபோது நெருப்பைத்தான் மூட்டுகிறார். பசித்தபோது சோற்றைத்தான் எடுக்கிறார். தம் ஐயத்தை நமக்கு உணர்த்தச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறார். அவர் செய்கை அவருடைய ஐயத்தை மறுக்கிறது.

மறுப்பவன் அவர்களே, நீங்கள் 1988, 1879, 1890 என்று ஆண்டுகளை எழுதினீர்கள். ஹீவுட் கண்ட ஓட்டை உண்மையான ஓட்டை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பிழையைக் காட்டுவதற்கு நீங்கள் நிற்கும் தரையும் அறிவுதான்.

இடுகை 13 — மறுப்பவன்

கடைசிப் பத்தி எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. பிழை நேர்ந்த கதைகள் எல்லாமே பிழை கண்டுபிடிக்கப்பட்ட கதைகள். கண்டுபிடிக்கப்பட்டது என்ற சொல்லை விட்டுவிட்டால் என்னிடம் எடுத்துக்காட்டே மிஞ்சாது.

ஆனாலும் கங்கேசரிடம் எனக்கு முழு நிறைவு இல்லை. நெருப்பு மூட்டுபவர் நெருப்பை நம்புகிறார் என்பதை அது காட்டுகிறது; அவர் அறிந்திருக்கிறார் என்பதைக் காட்டவில்லை. வேறு வழி இல்லாதவனும் மூட்டத்தான் செய்வான். செய்கையைக் கொண்டு வாழலாம், வாணிகம் செய்யலாம். அறிவு என்று முத்திரை குத்த அது போதுமா என்று இன்னும் கேட்கிறேன்.

இடுகை 14 — திண்ணை

வள்ளுவர் இருவரையும் ஒரே குறளில் நிறுத்திவிட்டார்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

510ஆம் குறள். அது ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது, அறிவளவையைப் பற்றியதன்று என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆராயாமல் தெளிவதையும், ஆராய்ந்து தெளிந்த பின் ஐயுறுவதையும் ஒரே அளவுத் துன்பமாக அவர் வைத்திருப்பதைப் பாருங்கள்.

இடுகை 15 — இப்பிவெள்ளி

குறளை இங்கே பொருத்துவதில் ஒரு சிறு எச்சரிக்கை. தெளிந்தபின் ஐயுறக் கூடாது என்பதை அளவியலுக்கு அப்படியே கொண்டுவந்தால் 1988இல் உருளையை வெளியே எடுத்திருக்கவே மாட்டார்கள். மனிதர்மேல் வைக்கும் நம்பிக்கை திரும்பத் திரும்பச் சோதித்தால் கெட்டுவிடும். தராசின்மேல் வைக்கும் நம்பிக்கை சோதிக்காவிட்டால்தான் கெடும். ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்கும் வழக்கம் தராசை அவமதிப்பதாகாது.

இடுகை 16 — படிக்கல்

கேள்வியைக் கேட்டவன் விடையோடு வந்திருக்கிறேன், பாதி விடைதான்.

உங்கள் எழுத்துகளை எல்லாம் இரண்டு முறை படித்தேன். சில இடங்களை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாத்தா காலத்து இரும்புப் படிக்கல் 5 கிலோ ஒன்று கடையில் இருக்கிறது. அதை வைத்துச் சோதிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அடிப்பகுதி தேய்ந்து, ஈயம் அடைத்த குழி பாதி காலியாக இருப்பதைப் பார்த்ததும் இதுவும் ஒரு செவ்ர் உருளைதான் என்று சிரித்துக்கொண்டு திரும்ப வைத்துவிட்டேன். தராசு பழுதுபார்ப்பவரிடம் சான்றிதழோடு கூடிய, எம்1 என்ற துல்லிய வகுப்பைச் சேர்ந்த 5 கிலோ கல் இருந்தது. அதை என் தராசில் வைத்தபோது 5.005 காட்டியது. நான்கு முறை வைத்தும் அதே எண். அளவுக்கூடம் ஐயா 4.995 என்று பேச்சுக்குச் சொன்ன கணக்கு பலித்துவிட்டது. என் தராசு 5 கிராம் கூட்டித்தான் காட்டியிருக்கிறது. அனுமதிக்கு உட்பட்டது என்றாலும் சரிசெய்யச் சொல்லிவிட்டேன்.

வாடிக்கையாளர் நேற்று மாலை வந்தார். நடந்ததைச் சொல்லி, உங்கள் பக்கம்தான் நியாயம், 5 கிராம் குறைந்திருக்கிறது என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அந்தக் கல் சரி என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். இந்த இழையைப் படிப்பவராக இருப்பாரோ என்று ஐயமாக இருக்கிறது. விவரம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இடுகை 17 — அளவுக்கூடம்

5 கிலோ எம்1 வகுப்புக் கல்லுக்கு அனுமதிக்கப்படும் பிழை 250 மில்லிகிராம். சில பருப்பு மணிகளின் எடை என்று அவரிடம் சொல்லுங்கள். சான்றிதழில் தேதியும் மேல்நிலைக் கல்லின் எண்ணும் இருக்கும்; அவற்றையும் காட்டுங்கள். அதற்கு மேலும் கேட்டால் அவரை இங்கே அனுப்பிவையுங்கள்.